வேலாயி வளையின் இரண்டு வாசல்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவள் எங்கள் தெரு பாக்கியத்தாய். ஆற்றில் வெள்ளம் வந்து, தெருவில் இருந்தவர்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்து வகுப்பறைகளில் போய்த் தங்கியிருந்த ஐப்பசி அது. என் கடைக்குட்டி அப்போது இடுப்பில் இருந்தான். சாப்பாட்டு வரிசையில் தட்டை முந்தானைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு நான் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற பாக்கியத்தாய் அதைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். வரிசை நகர்ந்து முடிகிற வரைக்கும் இதைச் சொன்னாள். கடவுள் அவளை நல்லபடியாக வைத்திருக்கட்டும். அவள் சொன்னபடியே சொல்லப் பார்க்கிறேன்.

மலையடிவாரத்தில் ஒரு காடு. முள்ளும் புல்லும் அங்கங்கே மரமுமான காடு. நடுவில் ஒரு குளம். குளத்துக்கு வடக்கே ஒரு செம்மண் மேடு. அந்த மேட்டுக்குள் வேலாயி என்ற முள்ளம்பன்றி வளை தோண்டிக் குடியிருந்தாள்.

வளை என்றால் சின்ன வளை இல்லை. கிழக்கே ஒரு வாசல், மேற்கே ஒரு வாசல். நடுவில் அகலமான கூடம் மாதிரி இடம். வேலாயிக்குப் பிள்ளைகள் வளர்ந்து தனித்தனியாகப் போய்விட்டார்கள். இவ்வளவு பெரிய வளையில் நான் ஒருத்தி படுத்து என்ன செய்ய என்று யோசித்தாள். காட்டில் யாருக்கு ஆபத்து வந்தாலும் இங்கே வரலாம் என்று சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து வந்தார்கள். பருந்து தூக்கிக்கொண்டு போய்த் தவறவிட்ட குஞ்சு வந்தது. கண்ணியில் காலை அறுத்துக்கொண்ட மான் வந்து வாசலில் படுத்தது. கூடு விழுந்த குருவிகள் வந்தன. வேலாயி பெரிதாக ஒன்றும் பேசமாட்டாள். படுக்கக் காய்ந்த புல் போடுவாள். தின்னக் கிழங்கு கொடுப்பாள். புண் இருந்தால், மேட்டின் மேல் அவள் வளர்த்து வைத்திருந்த சோற்றுக்கற்றாழையைக் கீறி வைத்துக் கட்டுவாள். நிற்க முடிகிற அன்றைக்கு எழுந்து போகலாம்.

ஒருத்தியால் இதெல்லாம் நடக்குமா? காடே சேர்ந்துதான் நடத்தியது. அவரவரால் முடிந்ததைத் தேக்கிலையில் கட்டிக் கொண்டுபோய் வேலாயியிடம் கொடுப்பார்கள்.

இங்கேதான் ஒரு வழக்கம் இருந்தது. வளைக்கு எதிரே ஒரு பாறை. அதன் மேல் மயிலண்ணன் நிற்பார். நல்ல குரல், நல்ல மனசும்கூட. யாராவது கட்டோடு வந்தால் கழுத்தை நீட்டிக் கூவுவார்.

"மரிக்கொழுந்து முயல் ஒரு கட்டு அருகம்புல் கொடுத்தாள்!"

குளத்தங்கரை முழுவதும் திரும்பிப் பார்க்கும். கொடுத்தவருக்கு அன்று முழுக்க நடையே வேறு மாதிரி இருக்கும். மரிக்கொழுந்துக்கும் அப்படித்தான். புல்லைக் கொடுத்துவிட்டு உடனே வீட்டுக்குப் போகமாட்டாள். இன்னொரு தடவை கூவமாட்டாரா என்று புதர் ஓரமாகக் கொஞ்ச நேரம் காதை நிமிர்த்திக்கொண்டு நிற்பாள்.

மயிலண்ணன் அதோடு நிறுத்தினால் பரவாயில்லை. யாராவது வாங்கிக்கொண்டு போனாலும் கூவுவார். "உடும்புக்கு இரண்டு கிழங்கு போகிறது!" என்பார். ஏன் அண்ணே இது என்று யாரோ ஒரு நாள் கேட்டதற்கு, கொடுத்தவர்களுக்குத் தங்கள் பொருள் எங்கே போனது என்று தெரிய வேண்டாமா என்று சொன்னார். கேட்டவர்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மரிக்கொழுந்துக்கும் பட்டது.

அந்தச் சித்திரையில் தெற்கே புல்காட்டில் தீப்பிடித்தது.

மரிக்கொழுந்தின் வீடு அந்தப் புல்லுக்குள்தான் இருந்தது. குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு ஓடினாள். எல்லாம் பிழைத்தன. ஆனால் கடைசியாக எடுத்த குட்டிக்கு, பொடிசு என்று அவள் கூப்பிடுகிறவனுக்கு, பின்னங்கால் வெந்துவிட்டது. திரும்பிப் பார்த்தபோது வீடு இருந்த இடத்தில் சாம்பல் பறந்தது.

குளத்துக்குத் தெற்கே ஒரு பாறை இடுக்கில் குட்டிகளை வைத்தாள். பகலில் அந்தப் பாறை தோசைக்கல் மாதிரி சுட்டது. பொடிசின் கால் வீங்கியது. ராத்திரியெல்லாம் முனகிய குட்டி காலையில் பால்கூடக் குடிக்கவில்லை. வானத்தில் மேற்கே மழைக் கருக்கல் கூடத் தொடங்கியது. கோடை மழை ஊற்றினால் அந்த இடுக்கில்தான் தண்ணீர் முதலில் இறங்கும். காலுக்குக் கற்றாழை வேண்டும், பிள்ளைகளுக்குக் கூரை வேண்டும். இரண்டும் எங்கே இருக்கிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

புறப்பட்டாள். குளத்தைச் சுற்றிச் செம்மண் மேடு தெரிகிற தூரம் வரைக்கும் போய்விட்டாள். அப்போது கீரி ஒன்று வளையிலிருந்து வெளியே வந்தது. அதன் வால் தீயில் கருகியிருந்தது. வாயில் சின்ன இலைக்கட்டு.

"கீரிக்கு ஒரு கட்டு போகிறது! வீடு எரிந்துபோன கீரிக்கு ஒரு கட்டு!"

குளத்தங்கரை முழுவதும் திரும்பிப் பார்த்தது. நாவல் மரத்தில் இருந்த சீதேவி என்கிற அணில், பாம்பையே ஓட ஓட விரட்டுகிற ஆளுக்கு இந்த நிலைமையா என்று பக்கத்துக் கிளைக்குச் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனாலும் கேட்டது. கீரி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, வந்த வழியாகப் போகாமல் முள்ளுக்குள் நுழைந்து போனது.

மரிக்கொழுந்து அங்கேயே நின்றுவிட்டாள். எத்தனை கட்டு கொண்டுபோய்க் கொடுத்த வாசல். அதே வாசலில் வெறும் கையோடு போய் நின்றால் அந்தக் குரல் என்ன கூவும் என்று நினைத்துப் பார்த்தாள். திரும்பி நடந்தாள். குட்டிகளிடம் நாளைக்குப் போகலாம் என்றாள்.

மறுநாள் சீதேவியே தேடிக்கொண்டு வந்துவிட்டாள். காட்டில் ஒருவர் வீடு மாறினால் சீதேவிக்குத் தெரியாமல் போகாது.

"என்ன மதினி, இங்கே வந்துட்டீங்க? வெயில் நேரா மண்டையில அடிக்குதே."

"குட்டிகளுக்கு வெயில் நல்லதுன்னாங்க. அதான்."

"யாரு சொன்னா?"

"சொன்னாங்க" என்றாள் மரிக்கொழுந்து. பொடிசின் காலை வயிற்றுக்கடியில் இழுத்து மறைத்துக்கொண்டாள்.

சீதேவி கேட்க வந்தது வேறு. காட்டில் பெரிய சந்தோஷச் செய்தியாம். வேலாயி வளையில் பொருள் மேலே மேலே குவிந்து கிடக்கிறதாம். தீப்பிடித்த பிறகு கொடுப்பவர்கள் அதிகம், வாங்க வருவதோ கீரியைத் தவிர யாருமே இல்லையாம். குரங்குப் பெரியவர் கருமுத்து அதைப் பார்த்துவிட்டு, நம் காட்டில் கஷ்டப்படுகிறவர் யாருமே இல்லை, கும்பிட்ட சாமி காப்பாற்றிவிட்டார் என்று கையெடுத்துக் கும்பிட்டாராம். இனிமேல் எதற்கு அந்த வளை? இருக்கிறதை எடுத்து எல்லோருக்கும் விருந்து போட்டுவிட்டு, இலுப்பைப்பூ சேர்த்து வைக்க அதை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறாராம். நாளை மறுநாள் பாறைக்கு முன்னால் கூட்டம்.

"விருந்துக்கு நீங்களும் ஏதாவது கொண்டு வாங்க மதினி. உங்க பேரைக் கேட்டு ரொம்ப நாளாச்சு" என்று சொல்லிவிட்டுச் சீதேவி வாலை ஆட்டிக்கொண்டு போனாள்.

மரிக்கொழுந்து உட்கார்ந்துவிட்டாள். நாளை மறுநாள் அந்த வளையும் இல்லை. பொடிசைத் தொட்டுப் பார்த்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. கண்ணை மூடிக்கொண்டு, சாமி எனக்கு ஒரு வழி காட்டு என்று கேட்டாள். கண்ணைத் திறந்தபோது எதிரே காற்றில் ஒரு தேக்கிலை உருண்டு வந்தது. வழி அதுதானா என்று எனக்குத் தெரியாது. அவளுக்கு ஒரு யோசனை வந்தது, அவ்வளவுதான்.

தேக்கிலைக்குள் சருகை அள்ளி நிரப்பினாள். நன்றாக உப்பலாகக் கட்டினாள். கொடியால் இறுக்கி முடிச்சுப் போட்டாள். முகத்தை நக்கித் துடைத்துக்கொண்டாள். பிறகு, கனமான கட்டைத் தூக்கிக்கொண்டு போகிறவள் மாதிரி அசைந்து அசைந்து வளையைப் பார்த்து நடந்தாள்.

மயிலண்ணன் தூரத்திலேயே பார்த்துவிட்டார். முகம் மலர்ந்துபோனது.

"மரிக்கொழுந்து முயல் பெரிய கட்டு கொண்டு வருகிறாள்! பெரிய மனசுக்காரி வருகிறாள்!"

குளத்தங்கரை திரும்பிப் பார்த்தது. கொக்குகூட ஒற்றைக்காலை மாற்றி வைத்து நின்று பார்த்தது. முன்பெல்லாம் தேன் மாதிரி இனித்த குரல் இப்போது முதுகில் எறும்பு கடிப்பது மாதிரி இருந்தது. காதைச் சாய்த்துக்கொண்டு வேகமாக வாசலுக்குள் நுழைந்தாள்.

உள்ளே வேலாயி கட்டை வாங்கினாள். வாங்கிய கை மேலே போனது. அவ்வளவு லேசாக இருந்தது. முடிச்சை அவிழ்த்துப் பார்த்தாள். சருகு. வேலாயி சருகைப் பார்த்தாள், மரிக்கொழுந்தைப் பார்த்தாள்.

மரிக்கொழுந்துக்கு அடக்க முடியவில்லை. தீயில் தொடங்கி, கால் வீங்கியது, கீரியைப் பார்த்துத் திரும்பிப் போனது, வெயில் நல்லது என்று பொய் சொன்னது எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னாள். இந்த இலையிலேயே கொஞ்சம் கற்றாழையை வைத்துக் கட்டிக் கொடு அக்கா, கொடுக்க வந்தவள் வெறும் இலையைத் திரும்ப எடுத்துப் போகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள் என்றாள்.

வேலாயியின் முள் ஒவ்வொன்றாகக் கிலுகிலு என்று ஆடியது. சிரிக்கிறாள் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் மரிக்கொழுந்துக்குப் புரிந்தது.

"அடி கெட்டிக்காரி! கொடுக்கிற மாதிரி வந்து வாங்கிட்டுப் போறியா?"

"வேற வழி தெரியலக்கா."

"சிரிச்சதுக்குக் கோவிச்சுக்காத. நான் எவ்வளவு மக்குன்னு நெனச்சுச் சிரிச்சேன். யாரும் வரலியே, எல்லாரும் நல்லா இருக்காங்க போலன்னு நானும்தான் இருந்துட்டேன்."

கற்றாழை மடலை வெட்டி, மேலே கொஞ்சம் சருகைப் போட்டு மூடி, வெறும் இலை மாதிரி தெரியும்படி தட்டையாகக் கட்டிக் கொடுத்தாள். குட்டிகளை இப்போதே கூட்டி வா என்றாள்.

"கற்றாழையைக் கட்டுக்குள்ள மறைக்கலாம். பிள்ளைகளை எதுக்குள்ள மறைக்கிறது அக்கா?" என்று கேட்டாள் மரிக்கொழுந்து.

கட்டைக் கவ்விக்கொண்டு தெற்குப் பாறைக்கு ஓடினாள்.

கற்றாழை பட்டதும் அன்று சாயங்காலமே பொடிசு கொஞ்சம் பால் குடித்தான். காய்ச்சல் குறைந்தது. ஆனால் மேற்கே கருக்கல் இன்னும் கறுத்தது. மரிக்கொழுந்து குட்டிகளை அணைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டே கிடந்தாள். நமக்கு ஒரு கட்டு கிடைத்துவிட்டது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு முள்ளுக்குள் போன கீரிக்கு? தெற்குக் காட்டில் எரிந்தது தன் வீடு ஒன்றுதானா? கௌதாரிகள் எங்கே போயின? குளத்துப் பக்கம் அவற்றின் சத்தமே இல்லையே?

கூட்டத்து நாள் வந்தது. பாறைக்கு முன்னால் காடே கூடியிருந்தது. குரங்குப் பெரியவர் கருமுத்து எழுந்து தொண்டையைக் கனைத்தார். நம் காட்டில் குறை உள்ளவர் எவரும் இல்லை, குவிந்து கிடக்கிற கிழங்கே அதற்குச் சாட்சி, வளையை மூடிவிட்டு விருந்து போடலாம் என்று அவர் சொல்லச் சொல்ல எல்லோரும் தலையாட்டினார்கள். வேலாயி மட்டும் ஆட்டவில்லை. யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா என்று அவர் கேட்டார். அதுவும் ஒரு மரியாதைக்குத்தான் கேட்டார்.

மரிக்கொழுந்து எழுந்தாள்.

"மூட வேண்டாம். வேணும்கிறவங்க இருக்காங்க."

"யாரம்மா இருக்காங்க? ஒருத்தர் பேரைச் சொல்லு பார்ப்போம்" என்றார் மயிலண்ணன். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

ஒரு பேரைச் சொல்ல வேண்டும். கீரி கூட்டத்தின் கடைசியில் கருகிய வாலை மடக்கி உட்கார்ந்திருந்தது. அதன் கண் அவளையே பார்த்தது. மரிக்கொழுந்து அந்தப் பேரைச் சொல்லவில்லை.

"நான் இருக்கேன்."

மயிலண்ணன் சிரித்துவிட்டார். "நீயா? முந்தாநாள்தானே பெரிய கட்டு கொண்டு வந்தே? நானே கூவினேனே."

"அந்தக் கட்டுல இருந்தது சருகு அண்ணே. என் வீடு எரிஞ்சுபோச்சு. பிள்ளைக்குக் கால் வெந்துபோச்சு. நீங்க கூவுறதைக் கேக்கப் பயந்து, கொடுக்க வர்ற மாதிரி வந்து மருந்து வாங்கிட்டுப் போனேன்."

நாவல் மரத்தில் சீதேவி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். வெயில் நல்லது என்ற பேச்சு அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டாள்.

மயிலண்ணனின் தோகை மெல்லத் தரையில் சரிந்தது. நான் நல்லது என்று நினைத்துத்தானே கூவினேன் என்றார். நல்லதுதான் அண்ணே, கொடுக்கிற அன்றைக்கு எனக்கும் அது இனித்தது, கேட்க வேண்டிய அன்றைக்குத்தான் அந்தச் சத்தத்தைத் தாண்டி வர முடியவில்லை என்றாள் மரிக்கொழுந்து. அதைச் சொல்லும்போது அவள் குரல் தாழ்ந்துபோனது. ஆனால் காது இரண்டும் நிமிர்ந்தே இருந்தன.

உன் ஒருத்திக்காகவா வளையைத் திறந்து வைப்பது, உனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு போயேன் என்றார் கருமுத்து. வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஒரே ஒரு நாள் பாருங்க பெரியவரே" என்றாள் மரிக்கொழுந்து. "நாளைக்கு எல்லாரும் ஆளுக்கொரு இலைக்கட்டோட வாங்க. கிழக்கு வாசல்ல போய் மேற்கு வாசல்ல வாங்க. போகும்போதும் கையில கட்டு. வரும்போதும் கையில கட்டு. உள்ளே என்ன இருக்குன்னு யாரும் கேக்கக் கூடாது. அண்ணன் கூவக் கூடாது. சாயங்காலமும் கிழங்கு குவிஞ்சே கிடந்தா மூடிடுங்க."

பெயர் சொல்லாவிட்டால் யார் கொடுப்பார்கள் என்று சிலர் முணுமுணுத்தார்கள். இப்படிப் போனால் இருப்பதும் போய்விடும் என்றார்கள் சிலர். வேலாயி அப்போதுதான் வாயைத் திறந்தாள். என் வளை, ஒரு நாள் நான் சொல்கிறபடி இருக்கட்டும் என்றாள். அவள் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு சொன்னதால் யாரும் மறுத்துப் பேசவில்லை.

மறுநாள் காலையில் ஒரு திருவிழாவே நடந்தது.

காட்டிலுள்ள தேக்கு மரத்தடியெல்லாம் சுத்தமாகிவிட்டது. அவ்வளவு இலையைப் பொறுக்கியிருந்தார்கள். கிழக்கு வாசலில் வரிசை குளம் வரைக்கும் நின்றது. ஆமை விடியும் முன்பே வந்து முதல் ஆளாக நின்றுவிட்டது. அது உள்ளே போய்ச் சேருவதற்குள் பின்னால் நின்ற காட்டுப்பன்றிகளுக்குக் கொட்டாவி வந்துவிட்டது. சீதேவியின் கட்டு சீதேவியைவிடப் பெரிது. கட்டுதான் நடந்து வருகிறது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

வெறும் கட்டு கொண்டு வந்தவர்கள், கனம் தாங்காத மாதிரி தள்ளாடித் தள்ளாடிப் போனார்கள். நிறைந்த கட்டு கொண்டு வந்தவர்கள், இதெல்லாம் எனக்கு ஒரு சுமையா என்று காற்றாக நடந்தார்கள். மேற்கு வாசலில் வரும்போது அது அப்படியே தலைகீழ். யார் கட்டில் என்ன என்று நடையை வைத்துக் கண்டுபிடிக்கப் பார்த்த சீதேவிக்குத் தலை சுற்றிவிட்டது. கடைசியில் அவளே சிரித்துவிட்டு, தோற்றுப்போனேன் என்று கிளையில் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள்.

மயிலண்ணன் பாறையில்தான் நின்றார். ஒவ்வொரு கட்டும் உள்ளே போகும்போது அவர் கழுத்து தானாக நீண்டது. அவரே அதை மடக்கிக்கொண்டார். பார்க்கப் பாவமாக இருந்தது.

மரிக்கொழுந்து மேற்கு வாசலுக்குப் பக்கத்தில் நின்றாள். கௌதாரிகள் வரிசையாகக் கட்டோடு வெளியே வந்தன. கீரி வந்தது. இந்தத் தடவை முள்ளுக்குள் நுழையவில்லை. வழியின் நடுவிலேயே நடந்து போனது. அதற்குப் பின்னால் வந்தவரைப் பார்த்து மரிக்கொழுந்து திகைத்தாள். குரங்குப் பெரியவர் கருமுத்து. பெரிய கட்டு ஒன்றை நெஞ்சோடு சேர்த்து இறுக்கி அணைத்துக்கொண்டு வந்தார். அந்த வருஷம் அத்தி காய்க்கவில்லை. அவர் மருமகள் பிள்ளை பெற்றுக் கிடந்தாள். அவர் கண்ணும் இவள் கண்ணும் ஒரு நொடி சந்தித்தன.

மரிக்கொழுந்து வானத்தைப் பார்த்தாள்.

"மழை வரும் போலிருக்கு பெரியவரே" என்றாள்.

"வரும்மா, வரும்" என்று சொல்லிவிட்டு அவர் போனார். கொஞ்ச தூரம் போய் நின்று, திரும்பாமலே, நல்ல யோசனைம்மா என்றார்.

உச்சிப்பொழுது சாய்ந்தபோது வரிசை முடிந்தது. மயிலண்ணன் இறங்கி வளைக்குள் எட்டிப் பார்த்தார். கூரை முட்டக் குவிந்திருந்த கிழங்கைக் காணோம். காய்ந்த புல்லைக் காணோம். தரையில் நாலைந்து இலந்தைக்கொட்டை உருண்டது. அன்றைக்கு வந்து சேர்ந்ததும் போயிருந்தது.

"என்ன வேலாயி, இது? இத்தனை பேரா?" என்றார். "யார் யார்?"

"என் வளைக்குள்ள இருட்டு அண்ணே" என்றாள் வேலாயி. "எனக்குக் கண்ணும் கொஞ்சம் மங்கல்."

மயிலண்ணன் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷம் பாறை மேல் நின்று எவ்வளவு தூரம் பார்த்திருக்கிறேன், இது தெரியவில்லையே என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் மேற்கே இடி இடித்தது.

மரிக்கொழுந்து தெற்குப் பாறையைப் பார்த்து ஓடினாள். அவள் இப்போது எதையும் மறைக்க வேண்டியதில்லை. காடே கேட்க உண்மையைச் சொன்னவள். பொடிசைக் கவ்வினாள். மற்றவை அவள் வாலைப் பிடிக்கிற மாதிரி பின்னால் ஓடி வந்தன. பாதி வழியில் பெரிய பெரிய துளியாக விழத் தொடங்கியது. இன்னும் கொஞ்ச தூரம்தான் என்று அவள் மூச்சுவாங்கியபோது, தலையில் துளி விழுவது நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். மயிலண்ணன் தோகையைக் குடை மாதிரி சாய்த்துப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்து வந்தார். மழையைக் கண்டால் கூவாமல் இருக்கத் தெரியாத அவர், அன்றைக்கு வாயைத் திறக்கவே இல்லை.

கிழக்கு வாசலுக்குள் கடைசிக் குட்டியும் நுழைந்தது. வெளியே மழை கொட்டித் தீர்த்தது. தெற்குப் பாறை இடுக்கு நிரம்பி வழிந்தது.

மழைக்கு வந்து சேர்ந்தவர்களுக்கு வளைக்குள் இடம் போதவில்லை. கௌதாரிக் குடும்பம் ஒரு பக்கம், கால் ஒடிந்த உடும்பு ஒரு பக்கம், யார் என்றே தெரியாமல் சுருண்டு தூங்குகிற ஒருவர் ஒரு பக்கம். நீ ஏன் வந்தாய் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்கள். பொடிசு நொண்டி நொண்டிப் போய் வேலாயியின் உதிர்ந்த முள் ஒன்றை எடுத்துக்கொண்டு உடும்போடு சண்டைக்கு நின்றான். உடும்பு தோற்ற மாதிரி மல்லாந்து விழுந்தது. வேலாயியின் முள்ளெல்லாம் கிலுகிலுவென்று ஆடியது.

மழை விட்ட காலையில் மயிலண்ணன் மறுபடியும் பாறையில் ஏறினார். மரிக்கொழுந்து குட்டிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவர் கழுத்தை நீட்டினார்.

"வேலாயி வளைக்குக் கிழங்கு வேணும்! காய்ந்த புல் வேணும்!"

அவ்வளவுதான். ஒரு பேரும் இல்லை. அந்தக் குரல் மலை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. கொஞ்ச நேரத்தில் நாலு திசையிலிருந்தும் இலைக்கட்டுகள் வரத் தொடங்கின. மலைமேலிருந்து, இதுவரை இந்தப் பக்கமே வராத கரடிகூட வந்தது. வாசலுக்குள் நுழைய முடியாமல் கட்டை மட்டும் உள்ளே தள்ளிவிட்டது. அதற்கும் ஒரு கட்டைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினாள் வேலாயி. பெயர் சொல்லாவிட்டால் யார் கொடுப்பார்கள் என்று முணுமுணுத்தவர்கள்தான் வரிசையில் முன்னால் நின்றார்கள்.

பொடிசின் கால் ஆறியது. புல்காட்டில் புதுப்புல் முளைத்தது. மரிக்கொழுந்து குட்டிகளைக் கூட்டிக்கொண்டு வீடு பார்க்கப் போனாள். பொடிசு எல்லோருக்கும் முன்னால் ஓடினான். அந்த வளை மட்டும் மூடவே இல்லை. இன்றைக்கும் அந்தக் காட்டில் எல்லோரும் கட்டோடு போய்க் கட்டோடு வருகிறார்கள் என்று பாக்கியத்தாய் சொன்னாள்.

வாங்குகிறவர் தலை நிமிர்ந்து வாங்கிக்கொண்டு போகும்படி கொடுப்பதே உண்மையான உதவி.

உங்கள் ஊரிலும் வேலாயியைப் போல, இடிந்துபோய் வருகிறவர்களுக்காக ஒரு வீட்டை நடத்துகிறவர்கள் யாராவது இருப்பார்கள். இந்த வாரம் அந்தப் பக்கம் போனால் ஒரு படி அரிசியோ, துவைத்து மடித்த ஒரு போர்வையோ கொடுத்துவிட்டு வாருங்கள். அங்கே யாரைப் பார்த்தீர்கள் என்று மட்டும் வெளியே வந்து யாரிடமும் சொல்லாதீர்கள்.